மணி அடிக்கட்டும் விடு

அடிக்கட்டும் விடு தம்பி. மணிக்கு ஒரு வியாதியும் இல்ல. பாட்டரி புதுசு. மெயினை இறக்கினாலும் அது பாட்டுக்கு அடிக்கும். லிப்ட் மெக்கானிக் நீ, உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்?

உக்காரு. அந்தப் படியிலயே உக்காரு, அதுக்கு மேல ஏறாத. அஞ்சு மாடி நடந்து வந்திருக்க, நெஞ்சு துடிக்கறது சட்டைக்கு மேலயே தெரியுது. பையை ஓரமா வை. என் மடியில கிடக்கறதைப் பாக்கறியா? வீல் ஸ்பேனர். லாரிச் சக்கரத்து நட்டு கழட்டறது. நாப்பது வருஷம் டயர் கடையில இதைப் பிடிச்ச கை. அறுபத்தெட்டு வயசாச்சு, இருந்தாலும் ஒரு வீசு வீசினா உன் முட்டிச் சில்லு உன்கிட்ட இருக்காது. மிரட்டலெல்லாம் இல்ல. நிலவரத்தைச் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆமா, நான்தான் லிப்டோட மெயினை இறக்கினேன். கோளாறு ஒண்ணும் கிடையாது. உன்னை யாரு கூப்பிட்டது, வாட்ச்மேனா? அவன்தான் கூப்பிட்டிருப்பான். உள்ள யாருன்னும் சொல்லிருப்பானே. இந்தக் கட்டடத்துக்கு செக்ரட்டரி. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறாரு தொரை. லைட் இல்ல, பேன் இல்ல. தனியா.

நாலாவது மாடிக் கதவை உன் சாவி போட்டுத் திறக்கறியா? போய்த் திற. திறந்தா செவுரு தெரியும், கொஞ்சம் இருட்டு தெரியும். எட்டிப் பாக்கலாம், கூப்பிடலாம், இறக்க முடியாது. இந்த மெஷின் ரூமுக்குள்ள இருக்கற சக்கரத்தைக் கையால சுத்தினாத்தான் பெட்டி நகரும். அதனாலதான நீ நேரா இங்க ஏறி வந்த? ரூம் பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு. எப்பவுமே என்கிட்டதான் இருக்கும். இந்த ரூமுக்கும் என் வீட்டு வாசப்படிக்கும் நாலு எட்டு, அதனால எல்லாருமாச் சேந்து என்கிட்டயே குடுத்து வச்சாங்க. நம்பித்தான் குடுத்தாங்க. அது அவங்க தப்பு.

கொல்லப் போறேனா? இல்லப்பா. எனக்கு வேண்டியது ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். கூடவும் வேணாம், குறையவும் கூடாது. ஒம்பது இருபதுக்கு இறக்கினேன். பதினொண்ணரைக்கு நானே கதவைத் திறந்து விடறேன். இப்ப மணி என்ன? பதினொண்ணு பத்து. இருபது நிமிஷம்தான் பாக்கி. இருபது நிமிஷம் ஒரு கிழவன் பேச்சைக் கேட்டா உனக்குக் குறைஞ்சு போயிருமா?

அவருக்குப் பிரஷர் இருக்கா? வாட்ச்மேன் சொன்னானா? இருக்கட்டும். எனக்கும்தான் இருக்கு.

கேட்டியா, இப்ப எப்படி அழுத்தறான் பாரு. விட்டு விட்டு அடிக்குது. மொத அரை மணி நேரம் விடாம அழுத்தினான், காதுல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்பத்தான் கை வலிக்க ஆரம்பிச்சிருக்கு போல. கேக்க நல்லா இருக்கு. இந்த மணி ஒருகாலத்துல என்னைப் பைத்தியமா அடிச்சுது தெரியுமா? பட்டன்ல நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சுப்பா. கீழ போற பட்டன் எது, அபாய மணிப் பட்டன் எதுன்னு புதுசா வர்றவனுக்குத் தெரியாது. சாமான் கொண்டாந்து குடுக்கறவன், கேஸ்காரன், விருந்தாளி, எல்லாரும் மணியை அழுத்திட்டுத்தான் கீழ போவாங்க. ஒரு நாளைக்கு முப்பது தடவ. மணி எங்க மாட்டியிருக்கு பாரு, என் வாசலுக்கு நேர் மேல. மத்த மாடிக்காரனுக்கெல்லாம் கேக்கவே கேக்காது. செக்ரட்டரிகிட்ட நாலு தடவ சொன்னேன். பட்டனை மாத்தச் சொல்றேன் ஐயா, சொல்றேன் ஐயான்னான். அப்புறம் அதுக்கு ஒரு வழி பிறந்துச்சு. அது கிடக்கட்டும்.

என்கிட்ட ஒரு பழக்கம் தம்பி. மூணு தடவ சொல்லுவேன். நாலாவது தடவ வாய் பேசாது.

வரும்போது கீழ கேட்டைப் பாத்திருப்ப. ஒரு பெட்டி தொங்குதே, பல்லு போன மாதிரி. அது பேசற பெட்டி. நம்பர் அழுத்தினாத்தான் கேட்டு திறக்கும். நான் மூணாங் கிளாஸ் தாண்டாதவன், ஆறு நம்பர் எங்க ஞாபகம் இருக்கும்? தப்பா அழுத்தினா உள்ள இருந்து ஒரு பொம்பளக் குரல் சொல்லும், தவறான எண், மீண்டும் முயலவும். என் சொந்த வீட்டு வாசல்ல நின்னுட்டு, மழையில நனைஞ்சுட்டு, முயலணுமாம் நான். மூணு நாள் பொறுத்தேன். நாலாம் நாள் அதோட வாயிலயே இந்த ஸ்பேனரால ஒண்ணு விட்டேன். அப்புறமும் ரெண்டு நாள் பேசுச்சு, தண்ணிக்குள்ள முங்கினவ மாதிரி. அப்புறம் செத்துப்போச்சு. இப்ப கேட்டு எப்பவும் திறந்தே கிடக்கு. யாராவது குறை சொன்னாங்களா? உள்ளுக்குள்ள எல்லாருக்கும் சந்தோஷம்.

இந்த நடையில ஒரு லைட் போட்டாங்க. ஆள் அசைஞ்சாத்தான் எரியுமாம். சாவித் துவாரத்தைத் தேடிட்டு நிப்பேன், டப்புனு அணைஞ்சிரும். கையைத் தூக்கி ஆட்டணும், எரியும். மறுபடி குனிவேன், அணையும். என் வீட்டுக்காரி கதவைத் திறந்து பாத்துட்டுச் சிரிச்சா. என்னங்க, வாசல்ல நின்னு யாருக்கு டான்ஸ் ஆடறீங்கன்னு. அவ சிரிச்ச சிரிப்புல எனக்குக் கோவம் வந்து லைட்டை அடிச்சுத் தூளாக்கிட்டு, சாதா பல்பு ஒண்ணை மாட்டினேன். அந்தா எரியுது பாரு, பகல்லயும் எரியுது. அணைக்க சுவிட்ச் வைக்க மறந்துட்டேன்.

சிரிக்கலாம் தம்பி. நீ சிரிச்சா எனக்கு ஒண்ணும் கோவம் வராது.

ரெண்டாவது மாடிக்காரன் கார் ஒண்ணு. பூனை மேல குதிச்சா ஊளை விடும். இலை விழுந்தா ஊளை விடும். மூணு தடவ சொன்னேன். நாலாவது தடவ மத்தியானம் ரெண்டு மணிக்குக் கத்திச்சு. இறங்கிப் போயி முன்கண்ணாடியை உடைச்சேன், மூடியை நெம்பித் தூக்கினேன், உள்ள கத்தற சாமானை வயரோட பிடுங்கி அவன் ஜன்னல்ல எறிஞ்சேன். யோவ் கிழவான்னு சட்டையைப் பிடிக்க வந்தான். அவன் பாவம், எடம் தெரியாம கழுத்தை நீட்டிட்டான். ஒரே குத்து. முன்பல்லு ரெண்டும் என் விரல் கணுவுல பதிஞ்சு ரத்தம் வந்துச்சு. என் ரத்தமா அவன் ரத்தமான்னே தெரியல. போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு நாள் பூரா உக்கார வச்சாங்க. செக்ரட்டரிதான் வந்து பேசிக் கூட்டிட்டு வந்தான். நான் கூப்பிட்டேனா அவனை? அப்ப இருந்தே அவனைக் கண்டா எனக்கு ஆகாது. நம்மகிட்ட கேக்காமலே நமக்கு நல்லது பண்றவனை மட்டும் நம்பாத.

உன் போன் அடிக்குது. எடுக்காத. எடுக்காதன்னு சொன்னேன். இப்படிக் குடு. குடு. அந்தா, அந்தத் திண்டு மேல வை.

...

அவ்வளவுதான். இப்ப அடிக்காது. கண்ணாடித் துண்டு கால்ல குத்தப்போவுது, நகந்து உக்காரு. கீழ போயி வேற போன்ல கூப்பிடலாம்னு நினைச்சா போ. போலீஸ் வர்றதுக்குள்ள என் கணக்கு முடிஞ்சிரும். ஆனா நீ போக மாட்ட. உன் கண்ணு அந்தப் பூட்டு மேலயே இருக்கு. உனக்கு உள்ள இருக்கறவனை வெளிய எடுக்கணும், அது மட்டும்தான் உன் புத்தியில ஓடுது. நல்ல வேலைக்காரன் நீ. காதோரம் நரைச்சிருக்கு, அனுபவம் இருக்கு.

என் வீட்டுக்காரி போனையும் இப்படித்தான் உடைச்சேன். சும்மா இல்ல, எந்நேரமும் யாராவது கூப்பிட்டுட்டே இருந்தாங்க. லோன் வேணுமா, வீடு வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமா. சாப்பிட உக்காந்தா கூப்பிடுவான், படுத்தா கூப்பிடுவான். அவ ஒவ்வொருத்தன்கிட்டயும் வேணாம்பா, வேணாம் கண்ணுன்னு மரியாதையாப் பேசுவா. மூணு தடவ சொன்னேன், எடுக்காதன்னு. நாலாவது தடவ அவ காதுல இருந்து பிடுங்கித் தரையில அடிச்சேன். ஒரு சில்லு தெறிச்சு அவ கன்னத்துல கீறிருச்சு. பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டா. போன் போச்சு, இனிமே எது வேணும்னாலும் உங்களைத்தான் சத்தம் போட்டுக் கூப்பிடணும்னு சொன்னா. கோவிச்சுக்கிட்டாளா, கிண்டல் பண்ணாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அதுக்கப்புறம் எங்க பொண்ணோட பேசணும்னா தினம் கீழ் வீட்டு அம்மாகிட்டப் போயி அவங்க போன்ல பேசிட்டு வருவா. வெளியூர்ல கட்டிக் குடுத்த பொண்ணு. காலையில பதினோரு மணிக்குப் போனா, ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். எனக்கும் வீடு அமைதியா இருக்கும்.

கேளு. இப்ப குறைஞ்சிருச்சு பாத்தியா சத்தம். ரெண்டு தடவ அடிக்கிறான், நிறுத்தறான். மூச்சு வாங்குதோ என்னமோ. அவளுக்கும் வாங்கியிருக்கும்.

அதுதான் விஷயம். தெரியலயா உனக்கு? இந்தக் கட்டடத்துக்கு நீ புதுசா? பழைய மெக்கானிக்கைத் தொரத்திட்டாங்களா? அப்ப சொல்லிடறேன். ஆறு மாசம் முந்தி இதே பெட்டிக்குள்ள, இதே மூணுக்கும் நாலுக்கும் நடுவுல என் வீட்டுக்காரி மாட்டிக்கிட்டா. கையில ஒரு கிலோ வெங்காயம். அவளுக்கு இழுப்பு உண்டு. வாயில வச்சு அடிக்கிற மருந்து பிரிட்ஜ் மேல இருந்துச்சு. கீழ கடைக்குப் போயிட்டு உடனே வந்துருவோமேன்னு விட்டுட்டுப் போயிருக்கா. பதினோரு மணிக்கு நின்ன லிப்டு, ஒண்ணு பத்துக்குத் திறந்தாங்க. ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். புரிஞ்சுதா கணக்கு?

வாரத்துல ரெண்டு நாள் நிக்கிற லிப்டு இது. கதவு சரியா ஒட்டாது, நின்னுரும். அதனால நின்னா யாரும் என்ன ஏதுன்னு பாக்க மாட்டாங்க. வாட்ச்மேன் ஒரு அட்டையைத் தொங்க விட்டுட்டான், லிப்ட் வேலை செய்யவில்லைன்னு. எல்லாரும் திட்டிக்கிட்டே படி ஏறினாங்க. உள்ள ஒரு பொம்பள உக்காந்திருக்கா, அவளைத் தாண்டித் தாண்டி ஏறிப் போறாங்க. கத்த முடியாது அவளால. இழுப்பு வந்தா குரல் வராது, விசில் மாதிரி வரும். ஒண்ணே ஒண்ணுதான் அவளால முடியும், இந்த மணியை அழுத்தறது.

மணி அடிக்கல.

போலீஸ் வந்து பாத்தாங்க. மணி வயரு அறுந்து தொங்குது. எப்ப அறுந்துச்சுன்னு கேட்டாங்க. இதே செக்ரட்டரி, இந்த எடத்துல நின்னு, தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான். ரொம்ப நாளா அறுந்து கிடக்கு சார், நான் கவனிக்கல, என் தப்புதான்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தான். கேஸ் இன்னும் கோர்ட்டுல ஓடுது. அவன் வேலை பாத்த ஆபீஸ்ல வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாம். கட்டடத்துல ஒருத்தர் அவன்கிட்டப் பேசறதில்ல. அவன் பொண்டாட்டி பால் வாங்கப் போனா மத்த பொம்பளைங்க ஒதுங்கி நிக்கிறாங்க.

அவளை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு அவன் எங்க வீட்டுக்கு வந்தான். அத்தனை பேருக்கு முன்னாடி அறைஞ்சேன். மூக்குக் கண்ணாடி பறந்து போயி பாத்திரத்துக்குள்ள விழுந்துச்சு. இன்னொரு அறை. இன்னொண்ணு. ஒருத்தரும் தடுக்கல. அவனும் கையைத் தூக்கல. அறைஞ்சு அறைஞ்சு எனக்குத்தான் தோள் வலிச்சுது.

அதோட விடல நான். அவன் வண்டி டயரை வாரத்துக்கு ஒரு தடவ இறக்குவேன். டயர் கடைக்காரன்ல, எங்க குத்தினா ஒட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியும், பக்கவாட்டுல குத்துவேன். வாசல்ல இருக்கற பேர்ப்பலகையை உடைச்சேன். புதுசு மாட்டினான், அதையும் உடைச்சேன். போன மாசம் படியில எதிர்ல வந்தான். ஐயா வணக்கம்னான். வணக்கமாம்! இந்த ஸ்பேனராலதான் போட்டேன் தோள்ல. எலும்பு முறிஞ்ச சத்தம், காஞ்ச குச்சி முறியற மாதிரி, எனக்கே கேட்டுச்சு. படியிலயே உக்காந்துட்டான். ஆஸ்பத்திரியில என்ன சொன்னான் தெரியுமா? வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருக்கான். இப்பவும் இடது கையைத் தூளியில தொங்க விட்டுக்கிட்டுத்தான் நடக்கறான். உள்ள மணியை அழுத்தறது ஒத்தக் கைதான்.

ஏன் அவன் எதுத்து ஒரு வார்த்தை பேசல? அதைத்தான் நானும் கேக்கறேன். ஆறு மாசமா ராப்பகலா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். தப்புப் பண்ணவன் கூட அடி விழுந்தா ஒரு தடவயாவது திருப்பித் திட்டுவான். டயர் கடையில எத்தனை பேரை அடிச்சிருக்கேன், எத்தனை பேர்கிட்ட வாங்கிருக்கேன். அடிச்சா கத்தணும், திருப்பி அடிக்கணும், போலீசுக்குப் போகணும். அப்பத்தான் அடிச்சவனுக்கும் ஒரு நிம்மதி. இவன் என்னைப் பாக்கறான். வெறுமனே பாக்கறான். அந்தப் பார்வையை ஸ்பேனரால அடிக்க முடியல தம்பி.

மணி என்ன?

பதினொண்ணு இருபத்தி நாலா? இன்னும் ஆறு நிமிஷம். ஆறு நிமிஷம் பொறு. எந்திரிக்காத. உக்காருன்னு சொல்றேன்ல! இந்தா, செவுத்துல போட்டேன் பாரு, காரை பேந்துக்கிட்டு வந்துச்சு. அடுத்தது உன் மண்டையில. உன் பொண்டாட்டி புள்ளைங்க உன்னைத் தேடுவாங்க. உக்காரு.

என்ன?

இல்ல... இரு. பேசாத.

சத்தம் நின்னுருச்சுல்ல?

எப்ப நின்னுச்சு? நான் பேசிக்கிட்டு இருந்தேன், கவனிக்கல. நீ கவனிச்சியா? காரை உதிர்ந்தப்பவா? அதுக்கு முன்னாடியா? வயரு நல்லாத்தான இருக்கு? மேல பாரு. வயரு இருக்கு, மணி இருக்கு. அப்புறம் ஏன் அடிக்கல? கை வலிச்சு நிறுத்திருப்பான். ஒத்தக் கைதான. இப்ப அடிப்பான் பாரு.

அடிக்கல.

தம்பி, அன்னிக்கும் இப்படித்தான் நின்னுச்சு.

எது எப்படி நின்னுச்சுன்னா... இந்தா, மொத சாவியைப் பிடி. அந்தத் துணிக்குள்ள இருக்கு, பிரிச்சு எடு. ஆமா, அந்த நீலத் துணிதான். என் டயர் கடைச் சட்டையோட கை அது. அதுல ஏழுன்னு வெள்ளை நூல்ல போட்டிருக்குல்ல, அது என் நம்பர். அதை மணிக்குள்ள நான்தான் வச்சேன். சுத்தியலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல நல்லாத் திணிச்சு வச்சேன், அவ போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. மூணு தடவ சொன்னேன் பட்டனை மாத்துன்னு, நாலாவது தடவயும் சொன்னேன், மாத்தல, நானே ஒரு வழி பண்ணிக்கிட்டேன். அந்த ஒரு வாரமும் என்னமாத் தூங்கினேன் தெரியுமா.

பூட்டு கொஞ்சம் இறுகும், தூக்கிப் பிடிச்சுத் திருப்பு. இன்னும் தூக்கு. நீயே திற.

முழுசா சத்தம் இல்லாமப் போகலப்பா. துணியில சுத்தியல் படும். டொப்பு டொப்புனு ஒரு சத்தம், யாரோ தலையணையைத் தட்டற மாதிரி. எனக்கு மட்டும் கேக்கும், இந்தக் கதவுக்குப் பின்னாடி கட்டில் போட்டுப் படுத்திருக்கறவனுக்கு மட்டும். அன்னிக்குப் பதினோரு மணியில இருந்து டொப்பு டொப்புனு கேட்டுச்சு. விடாமக் கேட்டுச்சு. எவனோ வேணும்னே விளையாடறான்னு நினைச்சேன். எனக்கு ஒரே சந்தோஷம். நான் பண்ண வேலை எப்படி வேலை செய்யுது பாருன்னு. அவ இருந்தா அவகிட்டச் சொல்லிச் சிரிச்சிருப்பேன். அவ கீழ பொண்ணோட பேசிக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன். அடிடா, எவ்வளவு வேணாலும் அடிடான்னு வாய் விட்டுச் சொன்னேன் தம்பி. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தேன். அப்புறம் விட்டு விட்டு வந்துச்சு. அப்புறம் நின்னுச்சு. அலுத்துப் போச்சு போல பயலுக்குன்னு நினைச்சேன்.

மெயினை ஏத்தாத, சக்கரத்தைச் சுத்து. நான் சொல்லணுமா, உனக்குத் தெரியும். சுத்து, சுத்து.

சாயங்காலம் துணியை எடுத்துரலாம்னு ஸ்டூல் போட்டு ஏறினேன். துணி இல்ல. வயரு அறுந்து தொங்குது. சரி, வயரு முன்னாடியே அறுந்திருக்கு, என் துணியால ஒண்ணும் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆறு மாசம் சொல்லிக்கிட்டேன். வயரு அறுந்த மணி டொப்பு டொப்புனு அடிக்குமா தம்பி? நான் படிக்காதவன்தான், அது கூடவா தெரியாது எனக்கு.

இன்னிக்குக் காலையில ஒம்பதேகாலுக்கு வந்தான். ஒரு காகிதப் பையை நீட்டினான், ஒத்தக் கையால. உள்ள இந்தத் துணி. துவைச்சு, இஸ்திரி போட்டு, மடிச்சு வச்சிருக்கான். ஐயா, நாங்க அடுத்த வாரம் வீடு மாத்திட்டுப் போறோம், இது எங்க சாமானோட வெளிய வந்து யாரு கண்ணுலயாவது பட்டுறக் கூடாது, நீங்களே வச்சுக்கங்கன்னான். வயரை அன்னிக்கு நான்தான் அறுத்தேன் ஐயா, நீங்க இருந்த நிலைமையில இதையும் உங்க தலையில ஏத்த மனசு வரலன்னான். பட்டனை மாத்தாதது என் தப்புத்தானன்னான். யாருகிட்டயும் சொல்லலயாம். பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லலயாம். இந்த ஒரு வாரம் மட்டும் டயரை விட்டுருங்க ஐயா, சாமான் ஏத்தணும்னான். சொல்லிட்டு லிப்டுக்குள்ள போயிட்டான்.

அவன் ஏறினதும் என் கை தானாப் போயி மெயினை இறக்கிருச்சு. அவன் செத்தா எனக்குத் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேனோ என்னமோ. ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம்னு உன்கிட்டச் சொன்னது... அது நீ ஏறி வந்ததுக்கு அப்புறம் தோணினது.

வருதா பெட்டி? நாலாவது மாடிக்கு வந்துருச்சா? நீ போ, ஓடு, போயிக் கதவைத் திற. ஸ்பேனரை நான் கீழ போட்டுட்டேன், பாரு, கையில ஒண்ணும் இல்ல. நான் வரல. நான் இங்கயே மணிகிட்ட நிக்கிறேன். இதுல துணி இல்ல, நல்லாப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல, அடிச்சா நல்லாக் கேக்கும்.

அடி சாமி. ஒரே ஒரு தடவ அடி. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.